பிரேக் ஆயில் எங்கே போகிறது? எக்ஸெல் ஷீட்டில் கண்டறியலாம்

கம்ப்யூட்டர் இதழில் கார் பிரேக் பற்றிய கட்டுரையா என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை நன்கு தெரியும். ஆன் செய்திடும் ஒவ்வொரு முறையும் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய் நிற்கும். திருத்துவோம், மறுநாள் மீண்டும் அதே கதை. காரணம், மதர்போர்டில் உள்ள சிமாஸ் பேட்டரி தீர்ந்து போயிருக்கும். அதை மாற்றாமல் தேதியை மட்டும் எத்தனை முறை திருத்தினாலும் பயன் இல்லை. பழைய காரில் பிரேக் ஆயில் குறைந்துகொண்டே வருவதும், நாம் ஊற்றிக்கொண்டே இருப்பதும் இதே போன்றதுதான். ஆனால் தேதி தவறினால் ஒரு பைலின் தேதிதான் தவறும். இங்கே விஷயம் வேறு.

என்னிடம் இருப்பது 2006ல் வாங்கிய சிறிய கார். முன் சக்கரங்களில் டிஸ்க், பின் சக்கரங்களில் டிரம். ஹேண்ட் பிரேக்கை இறக்கிய பின்னும் டேஷ் போர்டில் சிவப்பு பிரேக் விளக்கு அணையாமல் எரிந்தது. பல கார்களில் ஹேண்ட் பிரேக், பிரேக் ஆயில் அளவு இரண்டிற்கும் இந்த ஒரே விளக்குதான். டப்பாவில் ஆயில் மின் கோட்டைத் தொட்டிருந்தது. நான் போன ஒர்க் ஷாப்பில் பின் சக்கர வீல் சிலிண்டர்களின் ரப்பர் கப்களை மாற்றி, ஆயிலை மேக்ஸ் வரை நிரப்பி அனுப்பினார்கள். சில வாரங்களில் மீண்டும் விளக்கு. “பேட் தேய்ந்தால் ஆயில் இறங்கத்தான் செய்யும் சார்” என்றார் இன்னொரு மெக்கானிக். குடும்பத்துடன் கொல்லிமலை செல்லத் திட்டமிட்டிருந்தோம். 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட பாதை அது. “இறங்கத்தான் செய்யும்” என்ற பதிலை நம்பி அதில் இறங்க எனக்கு மனம் வரவில்லை.

மெக்கானிக் சொன்னது பொய் அல்ல. டிஸ்க் பிரேக்கில் பேட் தேயத் தேய, காலிபர் பிஸ்டன் வெளியே நகர்ந்து அந்த இடைவெளியை அடைக்கும். அதன் பின்னால் உண்டாகும் இடத்தை டப்பாவில் உள்ள ஆயில் வந்து நிரப்பும். எனவே லீக் எதுவும் இல்லாமலேயே அளவு குறையும். கேள்வி, எவ்வளவு குறைய வேண்டும் என்பதுதான். இதற்கு எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும்.

பி1 செல்லில் காலிபர் பிஸ்டனின் விட்டத்தைச் சென்டிமீட்டரில் தரவும். என் காரில் 4.8. பி2 செல்லில் ஒரு பேட் எவ்வளவு தேய்ந்தது என்பதைச் சென்டிமீட்டரில் தரவும். பி3 செல்லில் =0.785*பி1*பி1*பி2*4 என்று பார்முலா அமைக்கவும். 0.785 என்பது வட்டத்தின் பரப்பளவிற்கானது. நான்கால் பெருக்குவது ஏன்? ஒரே பிஸ்டன் கொண்ட காலிபரில் உள் பேட், வெளிப் பேட் இரண்டின் தேய்மானத்தையும் அந்த ஒரு பிஸ்டன்தான் ஈடுகட்டுகிறது. இப்படி இரண்டு முன் சக்கரங்கள். ஒவ்வொரு பேடும் 1 மி.மீ. தேய்ந்தால் விடை 7.2 மி.லி. பின் டிரம்களில் பிஸ்டன்கள் மிகச் சிறியவை என்பதால் அந்தக் கணக்கை விட்டுவிடலாம்.

அடுத்து டப்பா. புதிய சிரிஞ்ச் ஒன்றால் 10 மி.லி. ஆயிலை உறிஞ்சி எடுத்து, மட்டம் எத்தனை மி.மீ. இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். எனக்கு 4 மி.மீ. இறங்கியது. அதாவது 1 மி.மீ. என்றால் 2.5 மி.லி. டப்பாவின் வெளியே ஸ்கேல் அளவுகள் குறித்த வெள்ளை டேப் ஒட்டினேன். சில நாட்களுக்கு ஒரு முறை காலையில், இஞ்சின் சூடாகும் முன், கார் சமதளத்தில் நிற்கும்போது மொபைல் போனில் அதே கோணத்தில் ஒரு படம் எடுத்தேன். படத்துடன் தேதியும் நேரமும் தாமாகவே பதிவாகிவிடும் என்பதால் குறிப்பேடு தேவைப்படவில்லை.

21 நாட்கள், 350 கிலோமீட்டர் ஓடியதில் மட்டம் 18 மி.மீ. இறங்கியிருந்தது. அதாவது 45 மி.லி. பேட் தேய்ந்துதான் இவ்வளவு குறைந்தது என்றால், ஒவ்வொரு பேடும் 6 மி.மீ.க்கு மேல் கரைந்திருக்க வேண்டும். புதிய பேடின் உராயும் பகுதியே சுமார் 10 மி.மீ. தான். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் பேட்களில் கண்ணுக்குத் தெரிந்த மாற்றமே இல்லை. லீக் உறுதி.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெடல் கல் போல் உறுதியாக இருந்ததால், ஊருக்குள் மெதுவாக மட்டும் ஓட்டி இந்தக் கணக்கை எடுத்தேன். பெடல் பஞ்சு போல் அமுங்கினாலோ, மிதித்தபடி இருக்கும்போது மெல்லக் கீழே இறங்கினாலோ எக்ஸெல் எல்லாம் வேண்டாம். வண்டியை எடுக்கவே கூடாது. இப்போதைய கார்களில் இரண்டு தனித்தனி சர்க்யூட்கள் உண்டு. ஒன்று போனாலும் மற்றொன்று நிறுத்தும் என்பது உண்மைதான். ஆனால் நிற்கும் தூரம் அதிகமாகிவிடும்.

லீக் எங்கே என்று தேட, கம்ப்யூட்டர் சர்வீஸில் செய்வதைப் போல ஒவ்வொரு பகுதியாக நீக்கிக்கொண்டே போக வேண்டும். இரவில் காரின் அடியில் பெரிய அட்டைகளைப் பரப்பி வைத்தேன். சொட்டு விழுந்தால் அது எந்த ஆயில் என்று அறிய எளிய வழி உண்டு. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு விடுங்கள். பிரேக் ஆயில் தண்ணீரில் கலந்துவிடும். இஞ்சின் ஆயில் மிதக்கும். (பிரேக் ஆயில் என்கிறோமே தவிர அது ஆயிலே அல்ல, கிளைக்கால் வகை திரவம். பெயரை நம்பி இஞ்சின் ஆயிலை ஊற்றினால் சிஸ்டத்தில் உள்ள ரப்பர் எல்லாம் உப்பிக் கெட்டுவிடும்.) என் அட்டைகளில் ஒரு சொட்டு கூட இல்லை. காலிபர்கள் உலர்ந்திருந்தன. ரப்பர் ஹோஸ்கள், இரும்புக் குழாய்கள், அவற்றின் இணைப்புகள் எல்லாம் சுத்தம். டிரம்களைக் கழற்றி வீல் சிலிண்டரின் ரப்பர் உறையைத் தூக்கிப் பார்த்தோம். அங்கும் ஈரம் இல்லை. ஸ்கேனர் மாட்டிப் பார்க்கலாமே என்றார் நண்பர். டப்பாவில் உள்ள மிதவை சுவிட்சுக்கு “குறைவு” அல்லது “சரி” என்ற இரண்டே நிலைகள்தான். அந்த ஆயில் எங்கே போனது என்று எந்த ஸ்கேனரும் சொல்லாது.

வெளியே எங்கும் இல்லை என்றால் உள்ளேதான் போக வேண்டும். மாஸ்டர் சிலிண்டர் நேராக வாக்குவம் பூஸ்டரின் மீது பொருத்தப்பட்டுள்ளது. அதன் பின் பக்க ரப்பர் சீல் தேய்ந்தால் ஆயில் வெளியே சொட்டாது; பூஸ்டருக்குள் போய்த் தேங்கும். இஞ்சின் பூஸ்டரிலிருந்து காற்றை உறிஞ்சுவதால், சில கார்களில் இந்த ஆயிலும் இழுக்கப்பட்டு எரிந்து, சைலன்சரில் வெள்ளைப் புகையாக வரும். இரண்டு நட்டுகளைக் கழற்றி, குழாய்கள் வளையாதபடி மாஸ்டர் சிலிண்டரைச் சற்று முன்னே இழுத்துப் பார்த்தார் மெக்கானிக். அதன் பின்புறம் முழுவதும் நனைந்திருந்தது. சிரிஞ்ச் முனையில் மெல்லிய டியூப் செருகி பூஸ்டரின் அடியில் உறிஞ்சினோம். அறுபது மி.லி. வரை வந்தது.

சீல் கிட் மட்டும் போட்டால் செலவு குறைவு. ஆனால் இத்தனை ஆண்டு ஓடிய சிலிண்டரின் உட்சுவரில் சிறு குழிகள் விழுந்திருந்தால் புதிய ரப்பரும் சீக்கிரம் தேயும். எனவே முழு மாஸ்டர் சிலிண்டரையும் மாற்றச் சொன்னேன். பூஸ்டர் அப்போது சோதனையில் தேறியது. அந்தச் சோதனையை நீங்களும் செய்திடலாம். இஞ்சினை நிறுத்திவிட்டு நான்கைந்து முறை பெடலை மிதித்து, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்தால் பெடல் சற்றுக் கீழே இறங்க வேண்டும். இருப்பினும் பிரேக் ஆயிலில் ஊறிய டயாஃப்ரத்தை எத்தனை நாள் நம்புவது? அதையும் மாற்றிவிட்டேன். பிறகு நான்கு சக்கரங்களிலும் ஏர் எடுத்து, புதிய டாட் 4 ஆயில் நிரப்பினோம். டாட் 3ஐ விட இதன் கொதிநிலை அதிகம். புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி. ஈரம் உறிஞ்சிய பின் 155. டாட் 3க்கு இவை 205, 140. மலைப் பாதையில் பிரேக் சூடாகும்போது இந்த வித்தியாசம் தெரியும். டாட் 5 என்ற பெயரில் விற்பது சிலிக்கான்; இதனுடன் கலக்கவே கூடாது.

அதன் பின் 3,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மட்டம் இறங்கியது 1 மி.மீ.க்கும் குறைவு, பேட் தேய்மானத்தின் கணக்கோடு ஒத்துப்போகிறது. கொல்லிமலையும் போய் வந்தோம். ஷீட்டில் இப்போது ஒரு வரிசை கூடுதலாகச் சேர்த்திருக்கிறேன்: ஆயில் மாற்றிய தேதி. இரண்டு ஆண்டுகள் கடந்ததும் அந்த செல் சிவப்பாக மாறும்படி கண்டிஷனல் பார்மட்டிங் கொடுத்துள்ளேன். ஆயில் ஊற்றும்போது காரின் பெயிண்டில் பட்டுவிட்டால் துணியால் தேய்க்க வேண்டாம். உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிடவும். இல்லையேல் பெயிண்ட் உரிந்துவிடும்.