மணத்தக்காளியும் பெல்லடோனாவும்

மணத்தக்காளியும் பெல்லடோனாவும் கத்திரிக் குடும்பத்துச் செடிகள். இரண்டின் பழமும் கறுப்பு, உருண்டை, தின்றால் இனிப்பு. முதலாவதை வேலியோரத்தில் பறித்துக் குழந்தைகள் அப்படியே வாயில் போட்டுக்கொள்வார்கள். இரண்டாவதில் சில பழங்களே ஒரு குழந்தையின் உயிரைப் போக்கிவிடும். ஆங்கிலத்தில் இரண்டுமே 'நைட்ஷேட்' என்பதால், மேல்நாட்டு எச்சரிக்கைகளைப் படித்துவிட்டு மணத்தக்காளியைக் கண்டு அஞ்சுவோரும் உண்டு. அந்த அச்சம் தேவையற்றது. பெல்லடோனா ஐரோப்பா, வட ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியாவின் செடி. தமிழகத்துச் சமவெளியில் தானாக முளைப்பதில்லை.

பூவைப் பார்த்தாலே பிரித்தறியலாம். மணத்தக்காளியின் பூ சிறியது, வெள்ளை, ஐந்து இதழ் விரிந்து நடுவில் மஞ்சள் மகரந்தப்பைகள் கூம்பாக நிற்கும். காய்கள் கொத்தாகத் தொங்கும். பழம் பட்டாணி அளவுகூட வராது. பெல்லடோனாவின் பூ மணி வடிவம், மங்கிய ஊதா. பழம் தனித்தனியாக, செர்ரி அளவில், ஐந்து மடலாக விரிந்த பச்சைப் புல்லிவட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கும்.

மணத்தக்காளி முற்றிலும் நஞ்சற்றதென்றும் சொல்ல முடியாது. அதன் பச்சைக்காயில் சொலனின் இருக்கிறது. அளவு இனத்துக்கு இனம் மாறும், பழுக்கப் பழுக்கக் குறையும். வத்தல் போடுவதும் பச்சைக்காயில்தான். ஆனால் மோரிலும் உப்பிலும் ஊறி, வெயிலில் காய்ந்து, எண்ணெயில் பொரிந்து, குழம்பில் ஒரு பிடி அளவே சேர்கிறது. கீரையை வேகவைத்துக் கூட்டாகவோ பொரியலாகவோ உண்பது வழக்கம்; வாய்ப்புண்ணுக்கு முதலில் நினைவுக்கு வருவதும் இந்தக் கீரைதான்.

பெல்லடோனாவின் நஞ்சு வேறு வகை. அட்ரோபின், ஸ்கோபோலமின் முதலியவை அதன் வேர், இலை, பழம் எங்கும் உள்ளன. நம் ஊர் ஊமத்தையிலும் இவையே இருப்பதால் வேதியியலில் பெல்லடோனாவுக்கு மணத்தக்காளியைவிட ஊமத்தையே நெருக்கம். நரம்புச் செய்தியைக் கடத்தும் அசிட்டைல்கோலினை அட்ரோபின் வேலைசெய்ய விடாது. வாய் வறளும், கண்மணி விரியும், இதயம் படபடக்கும், புத்தி தடுமாறும்.

அளந்து கொடுத்தால் இதே அட்ரோபின் மருந்து. ஆர்கனோபாஸ்பேட் பூச்சிக்கொல்லி உடலில் சேர்ந்தால் அசிட்டைல்கோலின் சிதையாமல் குவிகிறது. எச்சிலும் சளியும் பெருகி நுரையீரல் நிரம்பி மூச்சு அடைக்கும். அப்போது மருத்துவர் அட்ரோபின் ஊசியைத் திரும்பத் திரும்பப் போடுகிறார். நுரையீரலில் ஈர ஒலி அடங்குகிறதா, நாடித்துடிப்பு ஏறுகிறதா என்று பார்த்தே அடுத்த அளவு முடிவாகிறது.