இசிஜி நார்மல்னா வீட்டுக்குப் போகலாமா? நெஞ்சுவலிக்கு டாக்டர் போடும் 'ஸ்கோர்' சொல்வது என்ன?

"கேஸ் பிடிச்சிருக்கும், ஒரு சோடா குடிச்சா சரியாயிடும்." தாம்பரம், செங்கல்பட்டு பக்கம் மட்டுமல்ல, தமிழ்நாடு முழுக்க நெஞ்சுவலிக்கு முதலில் கிடைக்கும் வைத்தியம் இதுதான். அதைத் தாண்டி மருத்துவமனைக்குப் போய், இசிஜியும் நார்மல் என்று வந்துவிட்டால் "அப்பாடா, ஒண்ணுமில்ல" என்று கிளம்பிவிடுகிறோம். ஆனால், டாக்டரின் கணக்கு அங்கே முடிவதில்லை.

ஸ்கோர் என்றால் என்ன?

நெஞ்சுவலியோடு வருபவருக்கு ஆபத்து எவ்வளவு என்பதை மார்க் போட்டு கணிக்கும் முறை இது. அவசர சிகிச்சைப் பிரிவுகளில் அதிகம் பயன்படுபவற்றில் ஒன்று, நெதர்லாந்து மருத்துவர்கள் 2008-ல் வெளியிட்ட 'ஹார்ட்' ஸ்கோர். வலியின் தன்மை, இசிஜி, வயது, ரிஸ்க் காரணிகள், ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை என ஐந்து விஷயங்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மார்க். மொத்தம் 10.

0-3 என்றால் ஆபத்து குறைவு. 4-6 என்றால் மருத்துவமனையில் வைத்து கவனிக்க வேண்டும். 7 அல்லது அதற்கு மேல் போனால் உடனடி தீவிர சிகிச்சை.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போமா?

குரோம்பேட்டையில் 48 வயது ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். சுகர், பிபி, சிகரெட் மூன்றும் உண்டு: 2 மார்க். வயது 45-64-க்குள்: 1. நெஞ்சில் பாரம், இடது கைக்குப் பரவும் வலி, வியர்வை: 2. இசிஜி நார்மல்: 0. ட்ரோபோனின் நார்மல்: 0. கூட்டினால் 5. அதாவது, இரண்டு டெஸ்ட்டும் நார்மலாக இருந்தும் அவர் வீட்டுக்குப் போகக் கூடாது. ட்ரோபோனின் ரத்தத்தில் ஏறவே சில மணி நேரம் ஆகும் என்பதால், அந்த டெஸ்ட்டை மறுபடியும் எடுப்பார்கள்.

அடைப்பு எத்தனை சதவீதம் என்று சொல்லுமா?

சொல்லாது. அதற்கு ஆஞ்சியோகிராம்தான் வேண்டும். ஆனால் 2000-ல் வந்த 'டிமி' ஸ்கோரை வைத்து நடந்த ஆய்வுகளில், ஸ்கோர் ஏற ஏற ஒன்றுக்கு மேற்பட்ட ரத்தக்குழாய்களில் அடைப்பு இருக்கும் வாய்ப்பும் கூடியது. யாருக்கு முதலில் ஆஞ்சியோ என்று முடிவெடுக்க இது உதவும். இசிஜியிலேயே பெரிய மாரடைப்பு தெளிவாகத் தெரிந்தால் ஸ்கோருக்குக் காத்திருக்க மாட்டார்கள், நேராக சிகிச்சைதான்.

நமக்கு இது அப்படியே பொருந்துமா?

இங்கேதான் கவனம் வேண்டும். இந்த ஸ்கோர்கள் பெரும்பாலும் மேற்கத்திய நோயாளிகளை வைத்து உருவானவை. வயது ஏறினால்தான் மார்க் ஏறும். ஆனால் 52 நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வின்படி, தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருகிறது. மற்றவர்களுக்கு 59 வாக்கில். திருமங்கலம், தி.நகர் பகுதி மக்களிடம் டாக்டர் வி.மோகன் குழு நடத்தி 2001-ல் வெளியான ஆய்வில், 11 சதவீதம் பேருக்கு இதய ரத்தக்குழாய் நோய் இருந்தது. சுகர் உள்ளவர்களிடம் இது 21 சதவீதத்தைத் தாண்டியது. சுகர் உள்ளவர்களுக்கு வலியே தெரியாமலும் மாரடைப்பு வரலாம். அதனால் 35 வயதுக்காரருக்கு ஸ்கோர் குறைவு என்பதை மட்டும் நம்பிவிட முடியாது.

நாம் என்ன செய்ய வேண்டும்?

மார்க் போடுவது டாக்டர் வேலை. சரியான தகவல் தருவது நம் வேலை. வலி எப்போது தொடங்கியது, எங்கே பரவியது, சுகர், பிபி, புகைப்பழக்கம், குடும்பத்தில் யாருக்காவது இதய நோய் உண்டா என எதையும் மறைக்காதீர்கள். பழைய இசிஜி இருந்தால் கையோடு கொண்டுபோங்கள்.

ஜிஎஸ்டி ரோடு டிராஃபிக்கில் தானே பைக் ஓட்டிக்கொண்டு போகாமல், 108-ஐ அழையுங்கள். பெரிய மருத்துவமனை தூரம் என்றால் ஆரம்ப சுகாதார நிலையமும் கைகொடுக்கும். 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின் மாத்திரைகளை அங்கேயே கொடுத்து, மேல்சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். டாக்டர் சொல்லாமல் இவற்றை நீங்களாகப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

"இன்னிக்கு ஒருநாள் இருந்துட்டுப் போங்க" என்று டாக்டர் சொன்னால், "இசிஜி நார்மல்தானே" என்று வாதாடாதீர்கள். "என் ஸ்கோர் எவ்வளவு டாக்டர்?" என்று கேளுங்கள்.