அழகுநிலையத்துக்கு ஆர் வருவினம்?
ஓர் அனுபவக் குறிப்பு

2022ஆம் ஆண்டு வசந்தத்தில், ஜேர்மனியின் ரூர் பிரதேச நகரொன்றில், ஒரு துருக்கி வெதுப்பகத்துக்கும் மூடிக்கிடந்த பூக்கடைக்கும் நடுவில் பதினெட்டுச் சதுர மீற்றர் அறையொன்றை வாடகைக்கு எடுத்து அழகுநிலையம் திறந்தேன். அதற்கு முன் பதினான்கு வருடங்கள் ஒரு விடுதியில் அறை துப்புரவாக்கினேன். முகப்பராமரிப்பு மாலை வகுப்பில் படித்தது. நூலால் புருவம் எடுப்பது ஊரில் சின்னம்மாவின் மகளிடம் பழகியது. திறப்பு விழாவுக்கு நூற்றுக்கு மேற்பட்டோர் வந்தார்கள். வடையும் றோல்சும் போதாமற் போயின. அடுத்த மூன்று மாதங்களில் காசு கொடுத்துப் புருவம் எடுத்தவர்கள் முப்பத்தொரு பேர். அவர்களிலும் பாதிப்பேர் சொந்தக்காரர், அல்லது முகத்துக்கு அஞ்சி வந்தவர்கள்.

அழகுசாதனத் தொழில் பற்றி இத்தகைய பக்கங்களில் வருபவை பெரும்பாலும் கண்டனங்களே. அவற்றில் பலவற்றோடு எனக்கு உடன்பாடுதான். ஆயினும் துப்புரவு வேலையில் முதுகு முறிந்த எம் பெண்கள் பலர் ஒரு நூற்கட்டையோடு இத்தொழிலுக்கு வருகிறார்கள். எப்படித் திறப்பது என்று சொல்லப் பலர் உண்டு. திறந்த கதவால் ஆட்கள் ஏன் உள்ளே வருவதில்லை என்பதைப் பற்றி யாரும் சொல்வதில்லை. ஆகவே எழுதுகிறேன்.

முதலில் சட்டம். இந்த நாட்டில் தலைமயிர் ஒரு துறை, முகம் இன்னொரு துறை. முடி திருத்துவது, மைஸ்ரர் பட்டம் தேவைப்படும் கைத்தொழில்களின் பட்டியலில் இருக்கிறது. பட்டம் பெற்ற ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும், அல்லது விதிவிலக்கு அனுமதி பெற்றிருக்க வேண்டும். முகப்பராமரிப்புக்கு மைஸ்ரர் தேவையில்லை. நகரசபையில் தொழிலைப் பதிந்து, ஹண்ட்வெர்க்ஸ்கம்மர் எனப்படும் கைத்தொழிற் சபையிலும் பெயரைச் சேர்த்தால் தொடங்கலாம். ஆகவே புருவம், மெழுகு, பேசியல், ஒப்பனை என்பன என்னுடையவை, கத்தரிக்கோல் என்னுடையதல்ல. "முன்மயிரைக் கொஞ்சம் எடுத்துவிடுங்கோவன் அக்கா" என்று கேட்பவர்களை அடுத்த தெருவிலுள்ள குர்திஷ் பெண்ணின் சலூனுக்கு அனுப்பினேன். மூன்றாம் மாதம் அவர் தன் வாடிக்கைக்காரிகளைப் புருவத்துக்கு என்னிடம் அனுப்பத் தொடங்கினார். நான் அச்சடித்த எந்த விளம்பரமும் அவ்வளவு ஆளைக் கொண்டுவரவில்லை.

இரண்டாவது, விலை. எம்மவர் கடைகளில் விலை கேட்பது ஒரு சடங்கு. "உங்களிட்ட என்ன கணக்கு, பாத்துத் தாங்கோ" என்போம். வாங்குபவர் கூடக் கொடுத்தோமோ என்று நினைப்பார், விற்பவர் குறைய வாங்கினோமோ என்று நினைப்பார். இரண்டு பேருக்கும் மனம் கசக்கும். ஜேர்மனியில் சேவை செய்பவர், முக்கிய சேவைகளின் விலைப்பட்டியலைக் கடைக்குள்ளும், காட்சி யன்னல் இருந்தால் அதிலும் வைக்க வேண்டும் என்பது விதி. இது எனக்குத் தெரியாது. வெதுப்பகக்காரர்தான் சொன்னார். புருவம் 8 யூரோ, மேலுதடு 5 யூரோ என்று பெரிதாக எழுதி ஒட்டிய கிழமையே, அதுவரை யன்னலைப் பார்த்துவிட்டுப் போன ஜேர்மன் பெண்கள் உள்ளே வந்தார்கள். அவர்களைத் தடுத்து வைத்திருந்தது நூலின் மீதான பயமல்ல, எவ்வளவு கேட்பாளோ என்ற பயம். முந்தைய ஆண்டின் வரவு 25,000 யூரோவைத் தாண்டாதவரை (2025இலிருந்து இத்தொகை; நான் தொடங்கும்போது 22,000) சிறு தொழிலாளருக்கான சலுகையில் விற்பனை வரி அறவிடத் தேவையில்லை என்பதால், எழுதிய 8 யூரோவும் என் கைக்கே வருகிறது. எம்மவருக்குத் தனிக் கழிவு கொடுப்பதை அன்றே நிறுத்தினேன். இரண்டு சிநேகிதிகள் கோபித்தார்கள். ஒருத்தி திரும்பி வந்தாள்.

ஆனால் எம் பெண்கள் வராததற்கு விலை காரணமல்ல. இதை அறிய எனக்கு அரை வருடம் பிடித்தது. தமிழ்ப் பாடசாலை வாசலில் ஒருவர் வெளிப்படையாகச் சொன்னார்: "உங்கட கடைக்குள்ள போனா ஆர் இருக்கினமோ தெரியாது. பிறகு எனக்கு மீசை வழிக்கிறதெண்டு ஊர் முழுக்கக் கதை."

யோசித்துப் பார்த்தேன். புருவம் எடுக்கும்போது பெண் தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை மூடி, இரண்டு கையாலும் தன் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு இருக்கிறாள். அந்த இருப்பில் வாய் தானாகத் திறக்கும். மாமியாரைப் பற்றி, கடனைப் பற்றி, இரவைப் பற்றிச் சொல்வாள். எம் நகரில் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் சேர்த்து நூற்றைம்பது வரும். அவள் சொன்ன பெயர்கள் எல்லாம் எனக்குத் தெரிந்தவை. அவளுக்கு அடுத்த கதிரையில் மாமியாரின் தங்கை இருந்தால்?

காத்திருக்கும் கதிரைகளை எடுத்தேன். ஒருவர் போய்ப் பதினைந்து நிமிடம் கழித்தே மற்றவருக்கு நேரம் கொடுத்தேன். யன்னலின் கீழ்ப்பாதிக்குத் திரை போட்டேன். அனுமதி எழுத்தில் வாங்காமல் எவரது படத்தையும் போடுவதில்லை. அனுமதி பெற வேண்டும் என்றுதான் சட்டமும் கேட்கிறது. பிறகு சோதனை வந்தது. ஒருநாள் ஒரு அக்கா, கண் மூடியபடியே கேட்டார்: "போன கிழமை அவ வந்து போனவவாம். முகத்தில ஏதோ காயமாம், உண்மையே?" நான், "அக்கா, இடது கண்ணைக் கொஞ்சம் இழுத்துப் பிடியுங்கோ" என்றேன். இன்னொரு முறையும் கேட்டார். இழுத்துப் பிடிக்கச் சொன்னேன். அன்று அவர் கோபத்தோடுதான் போனார். பத்து நாளில் தன் இரண்டு மகள்மாரையும் கூட்டிவந்தார். என்னிடம் ஒன்றும் பெயராது என்பதைத் தெரிந்துகொள்ளவே கேட்டிருக்கிறார் என்று இப்போது நினைக்கிறேன்.

இனி, எழுதத் தயங்கும் விடயத்துக்கு வருகிறேன். முதல் வருடம் ஆளில்லாத பதற்றத்தில் ஐந்நூறு துண்டுப்பிரசுரங்கள் அச்சடித்து, ஹம் நகர்க் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். 2002இல் கும்பாபிஷேகம் கண்ட அக்கோயிலின் தேருக்கு ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் எம்மவர் வருவார்கள். வாடிக்கை பிடிக்க இதைவிட நல்ல இடம் எது என்று எண்ணினேன். பாரிசிலிருந்து வந்தவருக்கு என் நகரத்தில் புருவம் எடுக்க என்ன தலைவிதி என்று எண்ணவில்லை. ஐந்நூறில் வந்தவர்கள் நால்வர். அந்தத் தாளில் நானே ஒரு வரி எழுதியிருந்தேன்: "முகம் பொலிவும் நிறமும் பெற." நிறம் என்று எழுதினால் எம்மவர் என்ன வாசிப்பார்கள் என்று தெரிந்துதான் எழுதினேன்.

2023 வைகாசியில் அந்தத் தாளோடு ஒரு தாய் வந்தார். கூடப் பன்னிரண்டு வயது மகள். மூன்று கிழமையில் சாமத்தியவீடு. "படத்தில பிள்ளை கறுத்துத் தெரியக்கூடாது. இதில நிறம் எண்டு போட்டிருக்கிறீங்கள்தானே?" பையிலிருந்து ஒரு களிம்பு டப்பாவையும் எடுத்து வைத்தார். யாரோ கொண்டுவந்து கொடுத்ததாம். என்ன சேர்ந்திருக்கிறது என்று அதில் ஓரெழுத்து இல்லை. பிள்ளை தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்படிப் பெயரில்லாத வெளுப்புக் களிம்புகளில் பாதரசம் இருக்கக்கூடும். தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனின் உருவாவதை அது தடுக்கிறது. அதனால்தான் சில நாட்களில் வெளுப்புத் தெரிகிறது. தோலால் உள்ளே போகும் பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் முகக் களிம்பில் பாதரசத்துக்குத் தடை. வெளுப்பிக்கும் களிம்புகளில் சேர்க்கப்பட்டுவந்த ஹைட்ரோகுயினோனுக்கும் தடை. கறுப்பு மருதாணி என்று விற்கப்படும் கூம்புகளிலும் இதே கதைதான். அவற்றைக் கறுப்பாக்குவது பெரும்பாலும் தலைமயிர்ச் சாயத்தில் சேர்க்கும் பிபிடி என்னும் இரசாயனம். அதைத் தோலில் நேரே பூச இங்கே அனுமதியில்லை. கொப்புளித்தால் தழும்பு நிற்கும். ஒருமுறை ஒவ்வாமை பிடித்தால் பிறகு வாழ்நாள் முழுதும் தலைக்குச் சாயம் பூச முடியாமற் போகலாம். நல்ல மருதாணி செம்மண்ணிறத்தில் சிவக்கும், அதற்கு மணிக்கணக்கு வேண்டும்.

தாயிடம் முடியாது என்றேன். பிள்ளையின் சொந்த நிறத்துக்கே ஒப்பனை செய்து தருகிறேன், வடிவாயிருப்பாள் என்றேன். "காசு வேண்டாமெண்டா ஏன் கடை திறந்தனீங்கள்?" என்று கேட்டார். பிறகு தாளைக் காட்டி, "அப்ப இதில ஏன் எழுதினனீங்கள்?" என்றார். முதற் கேள்விக்குப் பதில் வைத்திருந்தேன். இரண்டாவதற்கு இருக்கவில்லை.

அது பெரிய குடும்பம். அந்தக் கோடைக்கு எனக்கிருந்த ஆறு பெண் ஒப்பனைகளில் நான்கு ஒரே கிழமையில் இல்லாமற் போயின. ஒன்றுக்கு 300 யூரோ. ஆவணிவரை கிழமையில் மூன்று நாள் காலையில் பழைய விடுதிக்கே துப்புரவுக்குப் போனேன். மிஞ்சியிருந்த தாள்களைக் கடுதாசித் தொட்டியில் போட்டேன். "ஃபெயார் அண்ட் லவ்லி" என்ற பெயரை அதன் கம்பனி 2020இல் "க்ளோ அண்ட் லவ்லி" என்று மாற்றியபோது, பெயரை மாற்றினால் குணம் மாறுமோ என்று சிரித்தவள் நான். அவர்களாவது பெயரை மாற்றினார்கள். நான் இரண்டு வருடம் கழித்து அதே சொல்லைப் புதிதாக அச்சடித்தேன்.

அந்தக் கோடையில் மிஞ்சிய காசுக்குக் கரும் நிறச் சாயல்களில் முகப்பூச்சு வாங்கினேன். ஃபென்ரி பியூட்டி 2017இல் ஒரேயடியாக 40 சாயல்களோடு வந்தபிறகு ஏனைய கம்பனிகளும் சாயல்களைக் கூட்டின. ஆனால் எங்கள் தெருக் கடைகளில் இன்னும் மூன்று வெள்ளையும் ஒரு மண்ணிறமுந்தான். என்னிடம் சாயல் இருக்கிறது என்பது எரித்திரியப் பெண்ணொருத்தி மூலம் அவர்களது தேவாலயத்தில் பரவியது. அவர்களது கலியாணங்களுக்குப் போகிறேன். எம் மணப்பெண்களும் மெல்ல வருகிறார்கள், தாய்மாரோடல்ல, தனியாக. அந்தக் குடும்பம் இன்றுவரை வரவில்லை.

இப்போது கிழமைக்கு அறுபது பேர்வரை வருகிறார்கள், எம்மவர் அவர்களில் மூன்றிலொரு பங்கு. வருகிற தையிலிருந்து புருவம் 9 யூரோ. யன்னல் தாளை மாற்ற முதல், கதிரையில் இருப்பவர்களிடம் வாயால் சொல்லிக்கொண்டு வருகிறேன். இதுவரை ஒருவர்தான் முகம் சுளித்தார். நூல் மேலுதட்டில் இருந்ததாலும் இருக்கலாம்.