உற்பத்தி கூடியும் கறி விலை ஏன் இறங்கவில்லை?



வலீமாவுக்குக் கணக்குப் போடும் பெற்றோர், பிள்ளைக்கு அகீகா கொடுக்க நினைக்கும் தம்பதியர், இரண்டு ஆடு வாங்கி வளர்த்துப் பிழைக்கலாமா என்று நம் அறக்கட்டளைக்கு வந்து கேட்கும் சகோதரிகள் என எல்லோருடைய பேச்சும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது. பத்தாண்டுகளுக்கு முன் கிலோ ஐந்நூறு ரூபாய் அளவில் இருந்த ஆட்டுக்கறி இன்று எண்ணூறைத் தாண்டி, சில ஊர்களில் ஆயிரத்தைத் தொடுகிறது. பாலும் அப்படியே. ஆனால் நாட்டில் பால், இறைச்சி, முட்டை உற்பத்தி ஆண்டுதோறும் சாதனை படைக்கிறது என்று பத்திரிகையில் செய்தி வருகிறது. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்? இதைப் புரிந்துகொண்டால் வீட்டுச் செலவைத் திட்டமிடவும், சிறு தொழில் தொடங்குவோர் சரியாக முடிவெடுக்கவும் உதவும்.

கணக்கு என்ன சொல்கிறது?

மத்திய கால்நடை பராமரிப்புத் துறையின் புள்ளிவிவரப்படி 2014-15-ல் நாட்டின் இறைச்சி உற்பத்தி சுமார் 67 லட்சம் டன். 2023-24-ல் அது 102.5 லட்சம் டன். அதாவது ஒன்றரை மடங்கு. பால் 14.6 கோடி டன்னிலிருந்து 23.9 கோடி டன்னாகக் கூடியது. முட்டை 7,848 கோடியிலிருந்து 14,277 கோடியானது. பால் உற்பத்தியில் உலகில் இந்தியாவே முதலிடம். உலகப் பாலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இங்கேதான் கறக்கப்படுகிறது. தலைக்கு ஒரு நாளைக்கு 471 கிராம் என்பது 2023-24 கணக்கு.

ஆனால் அந்த 102.5 லட்சம் டன் இறைச்சியைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அதில் பாதி கோழிக்கறி. வெள்ளாடும் செம்மறியும் சேர்ந்து சுமார் கால் பங்குதான். நாட்டின் மக்கள்தொகைக்கு வகுத்தால் ஆட்டுக்கறி ஒருவருக்கு ஆண்டு முழுவதற்கும் இரண்டு கிலோவுக்கும் குறைவு. உற்பத்தி கூடிவிட்டது என்ற செய்தியில் பெரும்பகுதி கோழியின் செய்தி. அதனால்தான் கோழி விலை ஏறினாலும் இறங்கவும் செய்கிறது. ஆட்டுக்கறி விலையோ ஏறிய இடத்திலேயே நின்றுவிடுகிறது.

கோழிக்கு நாற்பது நாள், ஆட்டுக்கு ஓராண்டு

பிராய்லர் கோழி சுமார் நாற்பது நாளில் இரண்டு கிலோ எடைக்கு வந்துவிடும். ஒரு கிலோ எடை கூட ஒன்றே முக்கால் கிலோ தீவனம் போதும். கம்பெனியே குஞ்சும் தீவனமும் மருந்தும் கொடுக்கும். வளர்ப்பவருக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. தேவை கூடினால் இரண்டே மாதத்தில் கூடுதல் கோழி சந்தைக்கு வந்துவிடும். பண்ணை விலை பல்லடத்தில் தினமும் அறிவிக்கப்படுகிறது. முட்டை விலையை நாமக்கல்லில் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு சொல்கிறது.

ஆடு அப்படி இல்லை. சினைக்காலம் ஐந்து மாதம். பிறந்த குட்டி கறிக்கு ஏற்ற எடைக்கு வர எட்டு மாதம் முதல் ஓராண்டு. இன்று விலை நன்றாக இருக்கிறதே என்று ஒருவர் பெட்டை ஆட்டைச் சினைக்கு விட்டால் அதன் பலன் சந்தைக்கு வர ஒன்றரை ஆண்டு ஆகிவிடும். பெரும்பாலும் இது சிறு விவசாயிகளும் நிலமற்றோரும் மேய்ச்சலில் வளர்ப்பது. மேய்ச்சல் புறம்போக்கு சுருங்கிவிட்டது; ஆடு மேய்க்க இளைஞர்கள் முன்வருவதில்லை. 2012-க்கும் 2019-க்கும் இடையில் நாட்டில் வெள்ளாடு 10 சதவீதமும் செம்மறி 14 சதவீதமும் கூடின என்று 20-வது கால்நடைக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஆனால் அந்த ஏழு ஆண்டில் மக்களின் வருமானமும் பிரியாணிக் கடைகளும் அதைவிட வேகமாகக் கூடின.

கறிக்கடைக் கணக்கு

"சந்தையில் உயிர் எடை நானூற்று ஐம்பதுதானே, கடையில் ஏன் இரண்டு மடங்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆட்டின் உயிர் எடையில் கறியாகத் தேறுவது ஏறத்தாழ பாதி. உதாரணத்துக்கு, இருபது கிலோ ஆட்டைக் கிலோ 450 வீதம் 9,000 ரூபாய்க்கு வாங்கினால் கறி பத்து கிலோ. அசல் விலையே கிலோ 900 ஆகிவிட்டது. வண்டி வாடகை, சந்தைச் சுங்கம், கூலி, கடை வாடகை எல்லாம் இதற்கு மேல். தலை, கால், குடல், ஈரல் விற்றுத்தான் கடைக்காரர் அதை ஈடுகட்டுகிறார்.

முன்பு இதில் தோலும் ஒரு தூணாக இருந்தது. ஒரு காலத்தில் ஆட்டுத்தோல் சில நூறு ரூபாய்க்குப் போனது. இப்போது பல இடங்களில் சில பத்து ரூபாய்க்கே வாங்க ஆள் தேட வேண்டியிருக்கிறது. செயற்கைத் தோல் காலணிகளும் பைகளும் பெருகியது, வெளிநாட்டுத் தேவை தளர்ந்தது, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு போன்ற ஊர்களின் தொழிற்சாலைகளுக்குக் கழிவுநீர்ச் சுத்திகரிப்புச் செலவு ஏறியது ஆகியவை காரணங்கள். தோலில் போன பணத்தைக் கடைக்காரர் கறியில்தான் எடுக்க முடியும். குர்பானித் தோலை நம்பியிருந்த மதரஸாக்களின் வருவாய் விழுந்ததும் இதே காரணத்தால்தான். அந்தப் பள்ளத்தை நேரடி நன்கொடையால் நிரப்ப வேண்டிய காலம் இது.

ஏற்றுமதிதான் காரணமா?

"நல்ல ஆட்டையெல்லாம் அரபு நாட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள்" என்பது பரவலான பேச்சு. கணக்கு அதை ஆதரிக்கவில்லை. இந்தியாவிலிருந்து போகும் இறைச்சியில் மிகப் பெரும்பகுதி எருமைக்கறி. பசு, காளை, கன்று இறைச்சி ஏற்றுமதிக்கு அனுமதியே இல்லை. எலும்பு நீக்கிய எருமைக்கறி 2023-24-ல் சுமார் 13 லட்சம் டன் போனது. மதிப்பு 370 கோடி டாலருக்கு மேல். வியட்நாம், மலேசியா, எகிப்து, இந்தோனேசியா, வளைகுடா நாடுகள் முக்கிய வாடிக்கையாளர்கள். ஆட்டுக்கறி ஏற்றுமதியோ சில ஆயிரம் டன். உள்நாட்டு உற்பத்தியில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆட்டுக்கறி விலையை ஏற்றுவது உள்நாட்டுத் தேவையும் வளர்ப்புச் செலவும்தான்.

பால் விலையின் இரு பக்கம்

கறவை எருமை பால் வற்றியபின் இறைச்சிக்கு விற்கப்படுவதால் விவசாயி அந்தப் பணத்தில் அடுத்த எருமைக்கு முன்பணம் கொடுக்கிறார். பசு வளர்ப்பவருக்குப் பல மாநிலங்களில் இந்த வழி அடைபட்டுவிட்டது. உழவுக்கு டிராக்டர் வந்துவிட்டதால் காளைக் கன்றுக்கும் மதிப்பில்லை. 2012-க்கும் 2019-க்கும் இடையில் நாட்டின் ஆண் மாடுகள் சுமார் 30 சதவீதம் குறைந்தன. கேட்பாரற்றுத் திரியும் மாடுகள் ஐம்பது லட்சம் என்று அதே கணக்கெடுப்பு பதிவு செய்தது. கறக்காத மாட்டைச் சும்மா வைத்துத் தீனி போடும் செலவு கறக்கும் மாட்டின் பாலில் ஏறுகிறது. நம் தமிழ்நாட்டில் எருமைகள் அந்த ஏழு ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு குறைந்து ஐந்து லட்சத்துச் சொச்சமாகிவிட்டன.

2020 ஊரடங்கில் ஓட்டலும் டீக்கடையும் மூடியபோது பாலை வாங்க ஆளில்லாமல் கொள்முதல் விலை சரிந்தது. மாட்டுக்குச் சரியாகத் தீனி போட முடியாமல் பலர் விற்றார்கள். 2022-ல் தோல் கழலை நோய் ராஜஸ்தான், குஜராத் தொடங்கி ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான மாடுகளைக் கொன்றது. தீவன விலையும் ஏறியது. அந்த ஆண்டு நவம்பரில் ஆவின் கொள்முதல் விலையை லிட்டருக்கு மூன்று ரூபாய் உயர்த்திப் பசும்பாலுக்கு 35, எருமைப்பாலுக்கு 44 ரூபாய் என்று ஆக்கியது. நாம் கடையில் கூடுதலாகக் கொடுத்த காசின் பின்னால் இத்தனை கதை இருக்கிறது. பால் விலை விழுந்தால் நமக்கு மகிழ்ச்சி. ஆனால் அது நீடித்தால் இரண்டு ஆண்டு கழித்துத் தட்டுப்பாடாகத் திரும்பி வருகிறது.

வெளிநாட்டுப் பால்பவுடரை வரியின்றி இறக்கினால் விலை குறையாதா என்பாரும் உண்டு. குறையலாம். ஆனால் இங்கே பால் கறப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் இரண்டு மூன்று மாடு வைத்திருக்கும் குடும்பத்தார். நியூசிலாந்துப் பண்ணையோடு அவர்கள் போட்டியிட முடியாது. 2019 நவம்பரில் இந்தியா ஆர்செப் வர்த்தக ஒப்பந்தத்தில் சேராமல் விலகியதற்கு இந்த அச்சம் ஒரு முக்கியக் காரணம்.

தீவனம் எனும் மூல காரணம்

கோழித் தீவனத்தில் பாதிக்கு மேல் மக்காச்சோளம். அண்மை ஆண்டுகளில் பெட்ரோலில் கலக்கும் எத்தனால் தயாரிக்க மக்காச்சோளம் பெருமளவில் போகத் தொடங்கியது. மக்காச்சோளம் ஏற்றுமதி செய்துவந்த நாடு 2024-ல் வெளியிலிருந்து வாங்கியது. முட்டையும் கோழியும் இனி பழைய விலைக்குத் திரும்பும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. ஆனாலும் இன்று கிடைக்கும் புரதத்தில் ஏழைக்கு மலிவானது முட்டைதான். பிள்ளைகள், கர்ப்பிணிகள் உள்ள வீட்டில் கறி வாங்க முடியாத வாரத்திலும் முட்டை தவறக்கூடாது.

நாம் என்ன செய்யலாம்?

வாங்குவோருக்கு: விலைக்கு ஒரு பருவம் உண்டு. புரட்டாசியில் கறி, கோழி, முட்டை மூன்றுக்கும் தேவை குறைந்து விலை தணியும். ஆடி மாதக் கோயில் கொடைகளுக்கும் தீபாவளிக்கும் ஏறும். அகீகா, வலீமா தேதியை நம் கையில் வைத்திருக்கும்போது இதைக் கவனிக்கலாம். ஆட்டை உருப்படிக் கணக்கில் பேசாமல் எடைபோட்டு வாங்குங்கள். எட்டயபுரம், திருப்புவனம், செஞ்சி போன்ற சந்தைகளுக்குப் பெருநாளுக்கு முந்திய வாரத்தில் போகாமல் ஒரு மாதம் முன்பே போவது நல்லது.

ஹஜ்ஜுப் பெருநாள் ஆண்டுக்குப் பதினொரு நாள் அளவில் முன்னே வருகிறது. இனி வரும் ஆண்டுகளில் அது மே, ஏப்ரல் மாதங்களில் விழும். கோடையில் பச்சைத் தீவனம் இராது. ஆடு எடை குறைந்தும் விலை கூடியும் இருக்கும். இதற்கு வழி, ஐப்பசி மழைக்கு முன் புரட்டாசியில் பால் மறந்த குட்டிகளை வாங்கி ஏழெட்டு மாதம் வளர்ப்பது. குர்பானிக்குரிய வயது மத்ஹபுக்கு மத்ஹப் மாறுபடுவதால், எந்த வயதுக் குட்டி வாங்குவது என்பதையும், முன்கூட்டியே விலை பேசுவது எந்த முறையில் கூடும் என்பதையும் இமாமிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

வளர்க்க விரும்பும் சகோதரிகளுக்கு: பத்து ஆடு வேண்டாம், மூன்றில் தொடங்குங்கள். கன்னி, கொடி, சேலம் கருப்பு போன்ற நம் மண்ணின் இனங்கள் வெயிலைத் தாங்கும். கொல்லையில் அகத்தி, சூபாபுல், வேலிமசால் நட்டுவைத்தால் தீவனச் செலவு பாதி. ஆட்டுக்கொல்லி நோய்க்கும் துள்ளுமாரிக்கும் தடுப்பூசி, காலம் தவறாத குடற்புழு நீக்கம் இரண்டையும் விட்டுவிடாதீர்கள். ஒரு வாரத்தில் மந்தையே போய்விடும். அரசு கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி கிடைக்கிறது. அவசரத்துக்கு 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். கால்நடை வளர்ப்போருக்கும் கிசான் கடன் அட்டை உண்டு. வட்டிக்காரரிடம் போகுமுன் நம் அறக்கட்டளையிடம் வாருங்கள்.

வசதியுள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெருநாளுக்கு வெளியூர் வியாபாரியிடம் வாங்கும் ஆட்டை நம் மஹல்லாவில் வளர்க்கும் ஒரு குடும்பத்திடம் வாங்கினால் அந்தப் பணம் இங்கேயே ஒரு பிள்ளையின் பள்ளிக் கட்டணமாகும். வளர்க்க விரும்புவோரும் வாங்க விரும்புவோரும் ஜும்ஆவுக்குப் பின் அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். புரட்டாசிக்கு முன் பட்டியல் தயாராகிவிட்டால் இன்ஷா அல்லாஹ் குட்டிகளை ஒன்றாகச் சேர்த்து வாங்கி வண்டிக் கூலியையும் மிச்சப்படுத்தலாம்.

வஸ்ஸலாம்.
செயலாளர்