கோடு போட்டோம்... ரோடு போட்டார்!

பெரியப்பாவின் செக் பாங்க்கிலிருந்து திரும்பி வந்துவிட்டது. கணக்கில் பணம் இல்லாமல் இல்லை. கையெழுத்து ஒத்துப்போகவில்லையாம்!

முப்பத்தாறு வருஷம் சர்க்கார் ஆபீஸில் கணக்கு எழுதியவர். முத்து முத்தான எழுத்து. இப்போது முதல் எழுத்து யானை, கடைசி எழுத்து எறும்பு.

"பேனா சரியில்லைடா" என்றார். நான் பி.காம். படித்த மேதை ஆச்சே... உடனே ஓடிப்போய்ப் புதுப் பேனா வாங்கி வந்தேன்.

பேனா மாறியது. எழுத்து மாறவில்லை. கொஞ்ச நாளில் நடையும் சின்னதாகிவிட்டது, குரலும் உள்ளே போய்விட்டது. நரம்பு டாக்டர் பார்த்துவிட்டு, "பார்க்கின்சன்" என்றார்.

"கை நடுங்கவே இல்லையே டாக்டர்?"

"எல்லாருக்கும் நடுங்காது."

1817-ல் லண்டன் டாக்டர் ஜேம்ஸ் பார்க்கின்சன் எழுதிவைத்த வியாதி இது. மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கிற செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிகின்றன. நடப்பது, திரும்புவது, பட்டன் போடுவது... யோசிக்காமல் நாம் செய்கிற காரியங்கள் எல்லாம் அதனால் தடுமாறுகின்றன. லெவோடோபா மாத்திரை அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டும். செல் அழிவதை நிறுத்தாது.

விஷயம் தெரிந்ததும் குடும்பமே பாசத்தில் குதித்தது. பெரியம்மா சாதம் பிசைந்து ஊட்டினார். நான் சட்டை மாட்டிவிட்டேன். பெரியப்பா நாற்காலியில் மகாராஜா! மூணே மாசம். அந்த நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே ரெண்டு ஆள் வேண்டியிருந்தது.

அப்போதுதான் அந்த பிஸியோதெரபிஸ்ட் பெண் வந்தாள். வயசு இருபத்தஞ்சு இருக்கும்.

"அங்கிளுக்கு யார் சார் பட்டன் போட்டு விடறது?"

"நான்தான்" என்றேன் பெருமையாக.

"அப்ப முதல்ல உங்களுக்குத்தான் ட்ரீட்மென்ட்!"

பெரியப்பாவை நடக்கச் சொன்னாள். ஹாலில் நடந்தவர், சமையலறை வாசற்படிக்கு வந்ததும் நின்றுவிட்டார். கால் தரையில் ஒட்டிக்கொண்டது. நான் கையைப் பிடித்து இழுக்கப் போனேன். "இழுக்காதீங்க, விழுந்துடுவார்" என்று தடுத்துவிட்டு, பையிலிருந்து மஞ்சள் டேப்பை எடுத்தாள். வாசற்படிக்கு முன்னும் பின்னும் ஓர் அடிக்கு ஒன்றாகக் குறுக்கே ஒட்டினாள்.

"அங்கிள், கோட்டைத் தாண்டுங்க."

தாண்டினார் சார்! ஒன்று... இரண்டு... மூன்று... சமையலறைக்கே போய்விட்டார். பெரியம்மா கரண்டியும் கையுமாக அழுதுவிட்டார்.

மந்திரமில்லை. தானாக நடக்கிற வழி பழுதானால், கண்ணால் பார்த்து, மனசால் நினைத்து அடி வைக்கிற வேறு வழி மூளையில் இருக்கிறது. மெயின் ரோடு அடைத்தால் சந்து வழியாகப் போவதில்லையா, அப்படி. "ஒண்ணு, ரெண்டு" என்று தாளம் போட்டாலும் பலருக்கு வேலை செய்யும்.

பிறகு சட்டங்கள் போட்டாள். ஒரே இடத்தில் நின்று திரும்பக் கூடாது. பஸ் திரும்புகிற மாதிரி வளைந்து திரும்பணும். நடக்கும்போது யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. மாத்திரை நன்றாக வேலை செய்கிற நேரத்தில்தான் பயிற்சி.

குரலுக்கும் பயிற்சி உண்டு. 1987-ல் அமெரிக்காவில் ஆரம்பித்த முறை. வாரம் 4 நாள், தினம் ஒரு மணி நேரம், 4 வாரம்... சத்தமாகப் பேசணும், அவ்வளவுதான். இந்த வியாதிக்காரர்கள் முணுமுணுத்துவிட்டு, சரியாகத்தான் பேசினோம் என்று நினைத்துக்கொள்வார்களாம். "கல்யாணம் ஆனதிலேருந்து கத்தாதீங்கன்னு சொன்னேன். இப்ப கத்துங்கன்னு நானே சொல்றேன்" என்றார் பெரியம்மா.

ஒரு நாள் தனியாக அவளிடம் கேட்டேன், "எப்போ குணமாகும்?"

"ஆகாது சார். அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம் கஷ்டமா இருக்கும். அன்னிக்கும் அவர் தானா எழுந்து பாத்ரூம் போகணுமில்ல? அதுக்குத்தான் இந்தப் பாடு."

பி.காமில் தேய்மானம் என்று ஒரு பாடம். மெஷின் வாங்கிய நாள் முதல் மதிப்பு குறைந்துகொண்டே வரும். யாராலும் தடுக்க முடியாது. ஆனால் எண்ணெய் போட்டு ஓட்டுகிறவன் மெஷின், மூலையில் போட்டவன் மெஷினைவிடப் பல வருஷம் உழைக்கும். மூணு மாசம் பாசம் என்ற பெயரில் நாங்கள் பெரியப்பாவை மூலையில் போட்டிருக்கிறோம்.

இப்போது காலையில் அவரே பட்டன் போட்டுக்கொள்கிறார். எனக்கோ ஆபீஸுக்கு நேரமாகும். கை துறுதுறுக்கும். பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டு நிற்பேன். நேற்று ஒரு பட்டன் ஓட்டை மாறிப் போய்விட்டது. அவரே கவனித்து, எல்லாவற்றையும் கழற்றி, முதலிலிருந்து ஆரம்பித்தார். ஒன்பது நிமிஷம். பார்த்துக்கொண்டு சும்மா நிற்பதைவிடக் கஷ்டமான வேலை உலகத்தில் இல்லை சார்!

இரண்டு கோடு போட்டு, நடுவில் பெரிசு பெரிசாக எழுதியும் பழகினார். பாங்க்கில் புதுக் கையெழுத்தைப் பதிவு செய்தோம். போன வாரம் ஒரு செக் பாஸாகிவிட்டது. ஐந்நூறு ரூபாய், என் பெயருக்கு.

"எதுக்கு பெரியப்பா?"

தெரு முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னார்:

"பேனா விலைடா!"