மயிரிழையும் பால்மானியும்

கல்முனையில் என் இளமைக் காலத்தே, வைகறையில் வாயிலுக்கு வரும் பாலை என் மூத்தம்மா உடனே வாங்கிவிடமாட்டார். பெருவிரல் நகத்தின்மேல் ஒரு துளி விட்டு விரலைச் சற்றே சாய்ப்பார். துளி வெண்ணிறத் தடம் பதித்து மெல்ல இறங்கின் அது நற்பால். தடமின்றி ஓடிவிடின் நீர் கலந்த பால். ஒருநாள் துளி ஓடிற்று. "தம்பி, பட்டியில இண்டைக்கு மழையா?" என்று மட்டும் வினவினார். பாற்காரர் தலைகுனிந்தார். வழக்கும் தீர்ப்பும் அவ்வளவே.

இச்சோதனை எளியதாயினும் இதற்கு நெடிய மரபு உண்டு. 12ஆம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த ஷைஸரீ, அங்காடிக் கண்காணிப்பாளராகிய முஹ்தஸிபுக்கென ஒரு கைந்நூல் எழுதினார். பாலில் ஒரு மயிரிழையைத் தோய்த்தெடுக்க வேண்டும் என்பது அதில் அவர் கூறும் முறை. இழையிற் பால் ஒட்டாவிடின் நீர் கலந்தது. ஒட்டித் திரண்டு நிற்பின் தூயது. நகமும் மயிரிழையும் உணர்த்துவது ஒன்றே: நீர் மிகுந்த பால் பற்றி நிற்பதில்லை. மிளகை நீரிலிட்டு, மிதக்கும் பப்பாசி விதையைக் கண்டுபிடித்ததும், கொச்சிக்காய்த்தூளை நீரில் தூவி, அடியில் தங்கும் செங்கற்பொடியைக் கண்டதும் இவ்வினத்தைச் சேர்ந்தனவே.

ஆயின், புலன்களுக்கு எட்டாத கலப்பும் உண்டன்றோ? 1820இல் இலண்டனில் பிரெடரிக் அக்கம் என்னும் இரசாயன அறிஞர், சிறுவர் உண்ணும் இனிப்புகளின் நிறத்தில் ஈயமும் செம்பும் இருத்தலை எழுதி, கலப்படம் செய்த வணிகர் பெயர்களையும் அச்சிட்டார். நம் நாட்டில் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம், அதிகாரிகள் மாதிரி எடுத்துப் பகுப்பாய்வுக்கு அனுப்ப வகை செய்தது. 2021இல் இறக்குமதியான தேங்காயெண்ணெயில் இருந்த அஃப்லடொக்சின் என்னும் நஞ்சை எந்த மூத்தம்மாவும் முகர்ந்து அறிந்திருக்க முடியாது. ஆய்வுகூடமே அதனை வெளிப்படுத்திற்று.

அங்ஙனமாயின் ஆய்வுகூடம் ஒன்றே போதுமோ எனின், போதாது. பால்மானி பாலின் அடர்த்தியை அளக்கும். நீர் சேர அடர்த்தி குறையும்; வஞ்சகனோ சீனியும் சேர்த்து அதனை ஈடுசெய்வான். புரதத்தை நைதரசன் அளவால் கணிக்கும் முறையை அறிந்தோர், 2008இல் சீனாவில் நீர் கலந்த பாலில் நைதரசன் மிகுந்த மெலமைனைச் சேர்த்தனர். ஆறு குழந்தைகள் மாண்டன. ஏறத்தாழ 3 இலட்சம் குழந்தைகள் நோயுற்றன. சோதனையை நன்கு அறிந்தவர்களே அதனை ஏய்த்தனர்.

மதீனத்து அங்காடியில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தானியக் குவியலுட் கைவிட்டபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்றார் வணிகர். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என நபிகளார் வினவினார்கள். மழை பெய்தது வணிகர் குற்றமன்று. ஈரத்தை மறைத்ததே குற்றம். இந்த உணர்வு விற்பவர் நெஞ்சில் இல்லாவிடின், புதிய கருவி ஒவ்வொன்றுக்கும் புதிய சூழ்ச்சி ஒன்று பிறந்துகொண்டேயிருக்கும். ஆதலின், மாணவர்க்குப் பால்மானியைக் கையாளக் கற்பிக்கும் நாம், இவ்வினாவையும் உடன் கற்பித்தல் வேண்டும்.

தலைகுனிந்து சென்ற அப்பாற்காரர் மறுநாளும் வந்தார். மூத்தம்மா கை நீட்டுமுன், தம் நகத்திலேயே ஒரு துளி விட்டுக் காட்டினார். துளி மெல்ல இறங்கிற்று.