கண்ணைப் பெரிதாக்கும் சாவடி

மாணவர்களே, பாடாங் செராயிலிருந்து நண்பர்களுடன் பேரங்காடிக்குச் செல்லும்போது ஜப்பானியப் புகைப்படச் சாவடியைக் கண்டால், அதன் அறிவியலையும் கவனியுங்கள். ‘புரிகுரா’ எனப்படும் இது 1995இல் ஜப்பானில் அறிமுகமானது. தொடக்கத்தில் படத்தை ஒட்டுவில்லையாக அச்சிட்டுத் தந்தது. இன்று முகத்தையே மாற்றித் தருகிறது.

எப்படி? பல திசைகளிலிருந்து விழும் ஒளி முகத்தின் நிழலைக் குறைக்கிறது. கணினி கண், மூக்கு, தாடை ஆகியவற்றின் இடங்களைக் கண்டறிகிறது. கண்ணைச் சுற்றியுள்ள படப்புள்ளிகளை வெளிப்புறமாக நகர்த்தினால் கண் பெரிதாகும். தோலின் ஒவ்வொரு புள்ளிக்கும் அண்டைப் புள்ளிகளின் சராசரி நிறத்தைக் கொடுத்தால் பரு மறையும், மச்சமும் மங்கும்.

சோதித்துப் பாருங்கள். நேராகப் பார்த்து எடுத்த சாதாரணப் படத்திலும் சாவடிப் படத்திலும் கண்ணின் அகலத்தை முகத்தின் அகலத்தால் வகுங்கள். விடைகள் வேறுபட்டால், அது கணினி போட்ட கணக்கு. உங்கள் முகத்தின் குறை அன்று.